தத்துவம் படித்தார், உயிரின் தொடக்கத்தைத் தேடினார்: விஞ்ஞானி சிரில் பொன்னம்பெருமா

சிரில் பொன்னம்பெருமா என்ற பெயரை முதன்முதலாகக் கேட்பவர்கள் அவரைத் தமிழர் என்றே நினைப்பார்கள். அவர் இலங்கையின் தெற்கே காலி நகரில் பிறந்த சிங்களவர். ஆனால் அவருக்கு முதல் பட்டத்தைக் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அதுவும் அறிவியல் பட்டம் அன்று, தத்துவப் பட்டம். அதே மனிதர் பின்னாளில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் நிலவின் மண்ணை ஆராய்ந்தார். வானிலிருந்து விழுந்த ஒரு கல்லில், உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் பூமிக்கு வெளியிலும் உருவாகின்றன என்று காட்டிய ஆய்வுக்கு வழிநடத்தினார்.

தத்துவ வகுப்பிலிருந்து நாசாவின் ஆய்வுக்கூடம் வரை ஒருவர் எப்படிப் போனார்? பூமியில் முதல் உயிர் எப்படித் தோன்றியது என்ற பெரிய கேள்வியை அவர் எப்படிக் கையாண்டார்? கலைப் பாடங்களா, அறிவியல் பாடங்களா என்று தடுமாறும் மாணவர்களும், படிப்பில் ஓரிரு ஆண்டுகள் தவறிவிட்டதே என்று கவலைப்படும் மாணவர்களும் இவர் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது.

காலியிலிருந்து சென்னைக்கு

சிரில் ஆண்ட்ரூ பொன்னம்பெருமா 1923ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பிறந்தார். அப்போது இலங்கை பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. காலியிலுள்ள புனித அலோய்சியஸ் கல்லூரியில் பள்ளிப் படிப்பு. பிறகு கடல் கடந்து இந்தியா சென்று, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டுதான்.

உயிர் என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்பவை தத்துவம் படிப்பவர்கள் காலங்காலமாக மோதிப் பார்க்கும் கேள்விகள். நம் முன்னோரும் இவற்றைக் கேட்டிருக்கிறார்கள், கிரேக்கரும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் 1948 வரை இக்கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேட முடியும் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே.

அவர்களில் இருவரை இங்கே சொல்லியாக வேண்டும். ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஓபாரின் 1924லும், பிரிட்டனின் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1929லும் தனித்தனியே ஒரே மாதிரியான கருத்தை முன்வைத்தார்கள். பழைய பூமியின் காற்றில் இன்றுபோல் ஆக்சிஜன் இல்லை. அங்கிருந்த எளிய வாயுக்கள் மின்னலாலும் சூரிய ஒளியாலும் ஒன்றோடொன்று சேர்ந்து சிக்கலான கரிமச் சேர்மங்களாக மாறின. அவை கடலில் சேர்ந்து, காலப்போக்கில் உயிராக உருவெடுத்தன. இதுவே அவர்களின் கருத்து. இந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர்.

கருத்து இருந்தது, சோதனை இல்லை. 1953இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் என்ற இளம் ஆய்வு மாணவர் அந்தக் குறையைப் போக்கினார். கண்ணாடிக் குடுவைகளில் நீராவி, மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சினார். சுமார் ஒரு வாரத்தில் குடுவை நீர் நிறம் மாறியது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. நம் உடலிலுள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்களால் ஆனவை. உயிரின் கட்டுமானப் பொருள் உயிரில்லாமலே உருவாக முடியும் என்பது அன்று உறுதியானது.

35 வயதில் மீண்டும் இளங்கலை மாணவர்

சென்னைக்குப் பிறகு பொன்னம்பெருமா லண்டன் சென்றார். அங்கே வேதியியலை அடிப்படையிலிருந்து கற்கத் தொடங்கினார். அவர் சேர்ந்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் பிர்க்பெக் கல்லூரி. பகலில் வேலை செய்வோர் மாலையில் வந்து படிப்பதற்குப் பெயர்பெற்ற கல்லூரி அது. அங்கே பேராசிரியராக இருந்தவர் ஜே.டி. பெர்னல். ஊடுகதிரைக் கொண்டு மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டறிவதில் முன்னோடி. உயிரின் தோற்றம் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர். களிமண்ணின் பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டி, நெருங்கி, பெரிய மூலக்கூறுகளாக இணைந்திருக்கலாம் என்று சொன்னவரும் அவரே.

பொன்னம்பெருமா 1959இல் வேதியியலில் இளங்கலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 35 ஆகிவிட்டது. அது அவருடைய இரண்டாவது இளங்கலைப் பட்டம். தத்துவப் பட்டத்துக்கும் இதற்கும் இடையே 11 ஆண்டுகள். அந்த வயதில் பல விஞ்ஞானிகள் தங்கள் முக்கியமான கண்டுபிடிப்புகளைச் செய்து முடித்திருப்பார்கள். இவருக்கு அப்போதுதான் கதவு திறந்தது.

அடுத்து அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் மெல்வின் கால்வின். ஒளிச்சேர்க்கையில் தாவரம் கரியமில வாயுவை எப்படிச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்றவர். உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் கால்வின் சுழற்சி இவர் பெயரால்தான் வழங்குகிறது. 1962இல் பொன்னம்பெருமா முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பணியைத் தொடங்கினார். விரைவிலேயே அங்கே வேதிப் பரிணாமப் பிரிவின் தலைவரானார். வேதிப் பரிணாமம் என்பது உயிர் தோன்றுவதற்கு முன்பு வேதிப்பொருள்கள் எளிமையிலிருந்து சிக்கலை நோக்கி நடந்த பயணம்.

பெரிய கேள்வியைச் சிறிதாக்கினார்

உயிர் எப்படித் தோன்றியது என்று நேராகக் கேட்டால் எந்தச் சோதனையும் விடை சொல்லாது. ஆகவே பொன்னம்பெருமா கேள்வியைத் துண்டு துண்டாக வெட்டினார். மில்லர் அமினோ அமிலங்களை உருவாக்கிவிட்டார். அவை புரதத்தின் பக்கம். மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வின் பகுதிகளும் அப்படி உருவாகுமா? இது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி.

1963இல் அவரும் கால்வின் குழுவினரும் மீத்தேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவை மீது எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார்கள். அடினின் என்ற மூலக்கூறு கிடைத்தது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று அது. ஏ.டி.பி. என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோமே, உயிரணுவின் ஆற்றல் நாணயம், அதன் முதல் எழுத்தான 'ஏ' இந்த அடினினைக் கொண்ட அடினோசினைத்தான் குறிக்கிறது.

அதே ஆண்டில் வானியலாளர் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து அடுத்த துண்டை எடுத்தார். அடினினையும் ரைபோஸ் சர்க்கரையையும் ஃபாஸ்பேட் சேர்மத்தையும் புற ஊதா ஒளியில் வைத்தபோது ஏ.டி.பி. உருவாயிற்று. இந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. கூடவே எதிர்க் கேள்வியும் வந்தது. சோதனையில் சேர்த்த ஃபாஸ்பேட் சேர்மம் பழைய பூமியில் உண்மையில் இருந்திருக்குமா என்று பிற வேதியியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குடுவையில் ஒன்று நடக்கும் என்று காட்டுவது வேறு. பூமியில் அப்படித்தான் நடந்தது என்று காட்டுவது வேறு. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் இன்றுவரை இந்த இடைவெளியோடுதான் போராடுகிறார்கள்.

செங்கல் இருக்கிறது, சுவர் எங்கே?

இன்னொரு பெரிய இடைவெளியும் இருந்தது. அமினோ அமிலம், அடினின், ஏ.டி.பி. எல்லாம் கிடைத்தாலும் அவை வெறும் பொருள்களே. ஒரு குவளை சிராப்பை மூடா ஆற்றில் ஊற்றினால் என்ன ஆகும்? சில நொடிகளில் சிவப்பு நிறம் மறைந்துவிடும். பழைய கடலில் உருவான மூலக்கூறுகளுக்கும் அதே கதிதான். அவை ஒன்றாக இருக்க வேண்டுமானால் சுற்றி ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லைதான் உயிரணுச் சவ்வு. படிவம் 4 உயிரியலில் நாம் பிளாஸ்மா சவ்வு என்று படிப்பது இதைத்தான்.

சவ்வின் வேலையைப் புரிந்துகொள்ள கெடா மாணவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒரு ரப்பர் மரம் போதும். செம்பனை பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் பாலிங், சிக் பக்கம் பால்மரங்கள் நிற்கின்றன. மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்ளன. விடிவதற்கு முன்பே பால் வெட்டப் போவதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் மரம் நீரை அதிகம் இழப்பதில்லை. ஆகவே விடியற்காலையில் அந்தக் குழாய்களுக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெட்டியதும் பால் வேகமாக வழியும். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது உயிரணுச் சுவர். நீரை உள்ளே விடுவதும், சர்க்கரையையும் உப்பையும் கட்டுப்படுத்தி வைப்பதும் சவ்வுதான்.

மங்கில் விழும் பாலைப் பார்த்தால் அது ஒரே வெள்ளைத் திரவமாகத் தெரியும். உண்மையில் அது கோடிக்கணக்கான நுண்ணிய ரப்பர் துகள்கள் மிதக்கும் நீர். ஒவ்வொரு துகளையும் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறை எதிர்மின்னூட்டம் கொண்டது. எனவே துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் அந்த மின்னூட்டம் போய்விடும். துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் உறைந்துவிடும். பாலுக்குள் லூட்டாய்டு எனப்படும் சவ்வுப் பைகளும் உள்ளன. வெட்டிய இடத்தில் அந்தப் பைகள் வெடித்து, உள்ளிருக்கும் பொருள் வெளியே வந்து துகள்களை உறைய வைக்கும். குழாயின் வாய் அடைபடும். வெட்டில் படியும் ஒட்டுப்பாலுக்கும், சில மணி நேரத்தில் பால் தானாக நின்றுவிடுவதற்கும் இதுவும் ஒரு காரணம். பை உடையாதவரை ஒழுங்கு. உடைந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. எல்லை என்பது உயிருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இன்றைய உயிரணுச் சவ்வு ஃபாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுகளால் ஆனது. அதற்குத் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். நீரில் போட்டால் வால்கள் உட்பக்கமும் தலைகள் வெளிப்பக்கமுமாக இரண்டு அடுக்காகத் தாமே வரிசை கட்டும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கலாம், அவ்வளவு மெல்லியது. ஆனால் இந்த ஃபாஸ்போலிப்பிட்டைச் செய்வது உயிரணுவின் நொதிகள். உயிரணு இல்லாத காலத்தில் முதல் சவ்வு எதனால் ஆனது?

அலகாபாத்தின் ஜீவாணு

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. அலகாபாத் பல்கலைக்கழக வேதியியலாளர் கிருஷ்ண பகதூர், சூரிய ஒளியைக் கொண்டு அமினோ அமிலங்கள் உருவாவதைப் பற்றி 1954லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். 1963இல் அவர் இன்னும் துணிச்சலான செய்தியைச் சொன்னார். ஃபார்மால்டிஹைடும் சில கனிம உப்புகளும் கலந்த கரைசலை ஒளியில் வைத்தபோது நுண்ணிய உருண்டைகள் தோன்றின. அவற்றுக்கு எல்லைச் சுவர் உண்டு. அவை வளர்கின்றன, பெருகுகின்றன என்றார். ஜீவன், அணு என்ற சொற்களைச் சேர்த்து ஜீவாணு என்று பெயரிட்டார். உயிரையே ஆய்வுக்கூடத்தில் படைத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது.

இதைச் சரிபார்க்கும் பொறுப்பு ஏம்ஸ் மையத்துக்கு வந்தது. லிண்டா கேரன் என்பவரும் பொன்னம்பெருமாவும் ஜீவாணு சோதனைகளைப் பரிசீலித்து 1967இல் நாசா அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் ஜீவாணுவை உயிர் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. ஏமாற்று என்று தள்ளிவிடவும் இல்லை. அந்த உருண்டைகளின் இயல்பும் பண்புகளும் இன்னும் தெளிவாகவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த நிதானத்தைக் கவனிக்க வேண்டும். பொன்னம்பெருமாவின் துறைக்கே பெருமை சேர்த்திருக்கக்கூடிய செய்தி அது. ஆசியாவிலிருந்து வந்த ஒருவருக்கு இன்னோர் ஆசியரின் வெற்றியைக் கொண்டாட ஆசை இருந்திருக்கலாம். ஆனாலும் சான்று எவ்வளவோ அவ்வளவுதான் சொன்னார். உருண்டையாக இருப்பதும் இரண்டாகப் பிரிவதும் மட்டும் உயிராகாது. சோப்புக் குமிழிகூட அதைச் செய்யும். பிற்காலத்தில் ஜீவாணு பற்றிய ஆர்வம் சிலரிடம் மீண்டும் எழுந்தது. ஆயினும் அது உயிர் என்பது நிறுவப்படவில்லை.

நிலவின் மண், மர்ச்சிசனின் கல்

1969 ஜூலையில் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலவிலிருந்து மண்ணும் கல்லும் கொண்டு வந்தார்கள். அவற்றை ஆராயத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதன்மை ஆய்வாளர்களில் பொன்னம்பெருமாவும் ஒருவர். அதற்காக ஏம்ஸில் மிகத் தூய்மையான ஆய்வுக்கூடம் தயாரானது. நிலவு ஏமாற்றியது. மண்ணில் சிறிதளவு கார்பன் இருந்தது. உயிரின் தடயம் இல்லை.

ஆனால் அந்தத் தூய்மையான கூடம் வீணாகவில்லை. இரண்டே மாதங்களில், 1969 செப்டம்பர் 28ஆம் நாள் ஞாயிறு காலையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள மர்ச்சிசன் என்ற சிற்றூரின் மேல் ஒரு நெருப்புக் கோளம் வெடித்துச் சிதறியது. 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட கற்கள் சேகரிக்கப்பட்டன. கார்பன் நிறைந்த அந்தக் கருநிறக் கற்கள் சூரியக் குடும்பம் உருவான காலத்தவை. வயது சுமார் 460 கோடி ஆண்டுகள்.

விண்கற்களில் உயிரின் பொருள்களைக் கண்டதாக அதற்கு முன்பும் சிலர் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் அவமானத்தில்தான் முடிந்தது. ஒரு கல்லில் கண்ட நுண்ணுயிர்ப் படிமம் மகரந்தத் தூள் என்று தெரிந்தது. நம் விரல் நுனியின் வியர்வையிலேயே அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஒரு முறை கல்லைத் தொட்டாலே போதும், ஆய்வு கெட்டுவிடும் என்று 1960களின் நடுவில் காட்டப்பட்டது. ஆகவே மர்ச்சிசன் கல்லில் அமினோ அமிலம் கிடைத்தால் மட்டும் போதாது. அது மனிதக் கையிலிருந்து வந்ததன்று என்று நிரூபிக்க வேண்டும்.

எப்படி நிரூபிப்பது? இங்கேதான் வேதியியலின் அழகு இருக்கிறது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இடது கால் சிலிப்பரும் வலது கால் சிலிப்பரும் போல ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பூமியிலுள்ள உயிர்கள் புரதம் செய்ய இடதை மட்டுமே பயன்படுத்துகின்றன. உயிரின் தலையீடு இல்லாமல் உருவாகும்போது இடதும் வலதும் சம அளவில் வரும். அப்படியானால் கல்லில் இடது மட்டும் இருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள். இரண்டும் சமமாக இருந்தால் அது கல்லுக்கே உரியது.

கீத் குவென்வோல்டன், பொன்னம்பெருமா முதலியோர் அடங்கிய குழு 1970 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. கிளைசின், அலனின், குளூட்டமிக் அமிலம், வேலின், புரோலின் ஆகியவை கிடைத்தன. இரு வடிவம் உடையவை ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அவற்றோடு பூமியின் புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் இருந்தன. எந்த விரலும் அவற்றைக் கொடுத்திருக்க முடியாது. உயிருக்கு வேண்டிய பொருள்கள் விண்வெளியில் தாமாகவே உருவாகின்றன என்பதற்கு முதல் உறுதியான சான்று அது. இன்று அதே கல்லில் 70க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன.

அதே கல்லில் ஒரு சவ்வு

1971இல் பொன்னம்பெருமா மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, வேதிப் பரிணாம ஆய்வுக்கூடத்தை அமைத்தார். உயிரின் தோற்றம் பற்றிப் பொது வாசகருக்காக அவர் எழுதிய நூல் 1972இல் வந்தது. 1980இல் ஓபாரின் பெயரால் வழங்கும் தங்கப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. 1983இல் மர்ச்சிசன் கல்லில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் ஐந்து காரங்களும் இருப்பதாக அறிவித்தார்.

சவ்வு பற்றிய கேள்விக்கு வழி திறந்தவர் வேறொருவர். கலிபோர்னியாவைச் சேர்ந்த உயிர் இயற்பியலாளர் டேவிட் டீமர், சவ்வுகளையே தொழிலாகக் கொண்டு ஆராய்ந்தவர். அவர் அதே மர்ச்சிசன் கல்லிலிருந்து கொழுப்புத் தன்மையுள்ள பொருளைப் பிரித்தெடுத்து நீரில் சேர்த்தார். நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னஞ்சிறு பைகள்! அவற்றுக்குச் சவ்வு போன்ற எல்லை இருந்தது. 1985இல் இது வெளியானது. முதல் சவ்வுக்கு ஃபாஸ்போலிப்பிட் தேவைப்படவில்லை, அதைவிட எளிய கொழுப்பு அமிலங்கள் போதுமானவையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. பின்னர் 2009இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஜாக் சோஸ்டாக் போன்றவர்கள், இத்தகைய கொழுப்பு அமிலப் பைகளுக்குள் ஆர்.என்.ஏ.வை அடைத்து, அவை வளரவும் பிரியவும் செய்கின்றனவா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒரே கல். ஒருவர் அதில் செங்கல்லைக் கண்டார். மற்றொருவர் சுவரைக் கண்டார். வீடு எப்படி எழுந்தது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

நாடு அழைத்தது

1984இல் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்தனா பொன்னம்பெருமாவைத் தம் அறிவியல் ஆலோசகராக நியமித்தார். கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. இனக் கலவரத்தின் காயம் ஆறாத, போர் மூண்டிருந்த காலம் அது. படித்தவர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உணவும் பாதுகாப்பும் கேள்விக்குறியாக இருக்கும் ஏழை நாட்டுக்கு உயிரின் தோற்றம் போன்ற ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அடிப்படை அறிவியல் பணக்கார நாடுகளின் தனிச்சொத்து அன்று என்பதே பொன்னம்பெருமாவின் வாழ்க்கை சொல்லும் பதில்.

அந்த எண்ணம் கொண்ட இன்னொருவர் பாகிஸ்தானின் நோபல் விஞ்ஞானி அப்துஸ் சலாம். வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்காக அவர் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அமைத்த மையத்தில், 1992இல் உயிரின் தோற்றம் பற்றிய மாநாட்டுத் தொடர் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் பொன்னம்பெருமா முக்கியமானவர். 1994 டிசம்பர் 20ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 71.

நமக்கு என்ன சொல்கிறார்?

பொன்னம்பெருமா உயிரைப் படைக்கவில்லை. உயிர் எப்படித் தோன்றியது என்று கண்டுபிடிக்கவும் இல்லை. அப்படியானால் அவர் வாழ்க்கை தோல்வியா? அவர் இறந்து 30 ஆண்டுகள் கழிந்தபின் கிடைத்த விடையைப் பார்ப்போம். நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து எடுத்த மண்ணை 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டு வந்தது. பூமியின் காற்றோ கையோ படாதபடி மூடிய கொள்கலனில் வந்த மண் அது. 2025 ஜனவரியில் முடிவு வெளியானது. உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. ஐந்து காரங்களும் இருந்தன. இடதும் வலதும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. 1970இல் அவருடைய குழு பயன்படுத்திய அதே இடது வலது சோதனைதான் இன்றும் உரைகல்லாக நிற்கிறது.

நம் மாணவர்கள் பலர் மூன்றாம் படிவம் முடிந்ததும் ஒரு பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதோடு எதிர்காலம் தீர்மானமாகிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். எஸ்.பி.எம். முடிவு சரியில்லை என்றாலோ, வேலைக்குப் போய்விட்டு 25 வயதில் டிப்ளோமா சேர நேர்ந்தாலோ, வண்டி போய்விட்டது என்று மனம் தளர்கிறார்கள். தத்துவம் படித்த ஒருவர் 35 வயதில் வேதியியல் பட்டம் வாங்கி, 38 வயதில் முனைவராகி, பிறகு நிலவின் மண்ணைக் கையில் எடுத்தார் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தத்துவம் படித்த ஆண்டுகளும் வீண் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தத்துவமும், அதை எப்படிச் சோதிப்பது என்பதை வேதியியலும் கற்றுத்தரும். அவரிடம் இரண்டும் இருந்தன.

இன்னொன்றும் இருந்தது. தெரிந்தது இவ்வளவுதான் என்று சொல்லும் நேர்மை. ஜீவாணு விஷயத்தில் அவர் காட்டிய நிதானம் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்குக் குறைந்ததன்று. கைப்பேசியில் நாள்தோறும் வரும் அதிசயச் செய்திகளை அப்படியே அனுப்பிவிடும் நமக்கு அந்தப் பழக்கம் மிகவும் தேவை.

அடுத்த முறை உயிரியல் பாடநூலில் பிளாஸ்மா சவ்வின் படத்தைப் பார்க்கும்போது, அதன் பகுதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். நொதிகளும் உயிரணுவும் இல்லாத காலத்தில் முதல் சவ்வு எப்படிப் பிறந்தது, அதற்குள் முதல் மூலக்கூறு எப்படிப் புகுந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவரிடம் முழு விடை இருக்காது. யாரிடமும் இல்லை. காலியில் பிறந்து சென்னையில் படித்தவர் தொடங்கி வைத்த தேடலை, சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ படிக்கும் ஒருவர் தொடர முடியாது என்று யார் சொல்ல முடியும்?